மூன்றாவது கொட்டேஷன்

பீன்யா தொழிற்பேட்டை இரண்டாம் ஸ்டேஜில், பட்டறைகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் குறுக்குத்தெருவில், உஷாவும் அவள் கணவர் கணேசமூர்த்தியும் பதினான்கு வருஷம் இரும்பு வேலைப் பட்டறை நடத்தினார்கள். தகரக் கூரை, இரண்டு வெல்டிங் மெஷின், பைப் வளைக்கும் மெஷின் ஒன்று, மூன்று ஆட்கள். இரும்பைக் கணேசமூர்த்தி பார்த்துக்கொண்டார். காகிதத்தை உஷா பார்த்துக்கொண்டாள்.

வாணியம்பாடியிலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவளுக்குக் கன்னடத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. பவுடர் கோட்டிங் கம்பெனி ஒன்றில் டெலிவரி சலான் எழுதும் வேலைக்குப் போனாள். பஸ் போர்டையும் மருந்துக்கடைப் பலகையையும் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி, சில வருஷங்களில் மாநகராட்சியின் டெண்டர் அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி நிபந்தனை வரை படித்துப் பொருள் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். தெருவில் மற்ற பட்டறைக்காரர்கள் ஆபீஸ் கடிதம் வந்தால் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பள்ளிக்கூட வேலைகளுக்குத் தனி விதிகள் இருந்தன. பதிவு பெற்ற சப்ளையர்தான் செய்யலாம். உள்ளே போகும் ஆட்களின் ஆதார் நகல் தர வேண்டும். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் வெல்டிங் கூடாது. வேலை முடிந்ததும் பொறியாளரும் தலைமையாசிரியரும் சேர்ந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேலே போனால் டெண்டர். அதற்குக் கீழே என்றால் ஒரே பட்டியலுக்கு மூன்று சப்ளையர்களிடம் கொட்டேஷன் வாங்கினால் போதும், குறைவாகக் கேட்டவருக்கு வேலை. உஷாவுக்கு இதெல்லாம் மனப்பாடம். பட்டறையைப் பதிவும் செய்துவிட்டாள். ஆனால் வேலை வரவில்லை. ஏற்கெனவே பள்ளி வேலை செய்த சான்றிதழ் கேட்டார்கள். வேலை கொடுத்தால்தானே சான்றிதழ் வரும் என்று அவள் ஒரு குமாஸ்தாவிடம் கேட்டதற்கு, அவர் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் புட்டராஜு வந்தார். பள்ளிகளுக்குப் பெஞ்சும் ஜன்னல் கம்பியும் போடும் கான்டிராக்டர். பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுவார்.

"மேடம், ரூல்ஸ் பிரகாரம் மூணு கொட்டேஷன் வேணும். என்னுது ஒண்ணு. என் மச்சினன் பேர்ல ஒண்ணு. மூணாவது நீங்க குடுத்தா கெலசா முடிஞ்சுது."

"எங்க ரேட்டு உங்களவிட ஜாஸ்தியா போட்டுக் குடுக்கணும். அதானே?"

"வேல உங்களுக்குத்தான் வரும் மேடம். பேரு மட்டும் என்னுது. அஷ்டே, அவ்ளோதான்."

முதல் தடவை பட்டறையின் ரப்பர் சீலை மையில் ஒற்றி எடுத்தவள், அதைக் காகிதத்தில் வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வைத்தாள். அடுத்த வாரம் எழுபது பெஞ்சுக்கு வேலை வந்தது. அதற்குப் பிறகு அவள் யோசித்ததில்லை. நாலு வருஷத்தில் எத்தனை முறை அப்படிக் கொடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே கணக்குத் தெரியாது. கணேசமூர்த்திக்கு இது அரைகுறையாகத் தெரியும். கேட்டுக்கொண்டதில்லை.

போன வருஷம் ஏப்ரலில், நகரத்தின் மறுகோடியில் ஒரு மாநகராட்சிப் பள்ளியின் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் இரும்புக் கேட்டைத் தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வந்து மடக்கிவிட்டது. கூடவே காம்பவுண்டுச் சுவரிலும் விரிசல். வேலை உங்களுக்குத்தான், போய் அளந்துகொண்டு வாருங்கள் என்றார் புட்டராஜு. கணவனும் மனைவியும் பைக்கில் போனார்கள். கோடை விடுமுறை. பள்ளியில் ஆயா சாந்தகுமாரி மட்டும் இருந்தாள். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. ஒரு ஆள் சப்ளை ஏஜென்சி மூலம் ஒன்பது வருஷமாக அங்கே வேலை பார்க்கிறாள். வகுப்பறை பெருக்குவதும் கக்கூஸ் கழுவுவதும் கேட்டைத் திறந்து மூடுவதும் அவள்தான். டேப்பின் இன்னொரு முனையை அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

"இந்தவாட்டியாச்சும் லேசா நகர்ற மாதிரி பண்ணுங்கண்ணா. பழசத் தள்ளித் தள்ளி தோளே கழண்டுபோச்சு."

"நல்ல வீல் போட்டா ஒத்தக் கையால தள்ளலாம்மா," என்றார் கணேசமூர்த்தி. பிறகு உஷா பக்கம் திரும்பி, "எழுதிக்க. இருநூத்தம்பது கிலோ வரும். மேல சாயாம இருக்க ரெண்டு கைடு போஸ்ட்டு. ட்ராக்கு முடியற எடத்துல ரெண்டு பக்கமும் ஸ்டாப்பர். ரெண்டையும் கான்கிரீட்ல எறக்கணும். லேசா ஓடுற கேட்டுக்குத்தான் இது ரொம்ப முக்கியம்" என்றார்.

உஷா எழுதிக்கொண்டாள். அன்றைக்கே டைப் செய்து புட்டராஜுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

பத்து நாள் கழித்து அவர் போன் செய்தார்.

"மேடம், சின்ன பேஜாரு. கேட்டும் காம்பவுண்டும் சேத்தா லிமிட்டு தாண்டுது. டெண்டர் போடணுமாம். டெண்டருன்னா ஜூன்ல ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள ஆகாது. அதனால ரெண்டு ஃபைலா பிரிச்சாச்சு. கான்கிரீட் வேலையெல்லாம் காம்பவுண்டு ஃபைல்ல போகுது. கேட்டு ஃபைல்ல கேட்டு, ட்ராக்கு, வீலு, பெயிண்ட்டு. நீங்க அந்த நாலுக்கு ஒரு கொட்டேஷன் போட்டு அனுப்புங்க."

"போஸ்ட்டும் ஸ்டாப்பரும்?"

"அது கான்கிரீட் தானே. காம்பவுண்டு ஃபைல்."

"அது எப்ப வரும்?"

"பின்னாடியே வருது மேடம். இந்த கேட்டு அவசரம்னு வேற ஷெட்டுக்குக் குடுத்துட்டேன், தப்பா நெனைக்காதீங்க. அடுத்த பெஞ்சு வேல பூரா உங்களுக்குத்தான்."

உஷா நாலு வரிகளையும் டைப் செய்தாள். ஒருமுறை படித்துப் பார்த்தாள். இல்லாத இரண்டு வரிகள் எவை என்று அவளுக்குத் தெரியும். பள்ளி வேலைகளுக்கென்று இருக்கும் உறுதிமொழித் தாளும் கூடவே இருந்தது: 'இப்பட்டியலிலுள்ள வேலை மாணவர்களின் பாதுகாப்புக்குப் போதுமானது என்று எங்கள் அனுபவத்தில் உறுதி கூறுகிறோம்.' இரண்டிலும் கையெழுத்திட்டு சீல் வைத்து அனுப்பினாள். எப்படியும் வேலை நமக்கு இல்லை, இது வெறும் மூன்றாவது காகிதம் என்று நினைத்துக்கொண்டாள். கணவரிடம், கேட்டு வேலை வேறு யாருக்கோ போய்விட்டது என்று மட்டும் சொன்னாள்.

பள்ளி திறந்து மூன்றாவது வாரம், காலை ஒன்பது மணிக்கு சாந்தகுமாரி கேட்டை மூடப் போனாள். புதுக் கேட்டு லேசாக ஓடியது. ட்ராக்கின் முடிவில் அதைத் தடுக்க எதுவும் இல்லை, மேலே பிடித்துக்கொள்ளப் போஸ்ட்டும் இல்லை. வீல் வெளியே போனதும் கேட்டு அப்படியே அவள் மேல் சாய்ந்தது. பிள்ளைகள் அப்போதுதான் பிரேயருக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். தூக்குவதற்கு ஆறு பேர் வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் சாந்தகுமாரி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

கணேசமூர்த்திக்கு யாரோ அந்த விபத்தின் வீடியோவை அனுப்பியிருந்தார்கள். பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்த்தவர் போனை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பெரிதாக்கினார்.

"நம்ம அளவெடுத்த ஸ்கூலு. அந்தம்மாதான்." திரும்ப ஓடவிட்டுப் பார்த்து, "போஸ்ட்டே இல்ல பாரு. எவன் பண்ணான் இத?" என்றார்.

உஷா டிபன் பாக்ஸை மூடி வைத்தாள். சீல் வைத்ததை அன்றைக்கும் அவரிடம் சொல்லவில்லை, அதற்கடுத்த பதினோரு நாளும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை விசாரணைக்கு நியமித்திருக்கிறார்கள். அந்த வேலைக்குக் கொட்டேஷன் கொடுத்த மூன்று சப்ளையர்களும் நேரில் வர வேண்டும். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியது கணேசமூர்த்தி. கன்னடம் படிக்கத் தெரியாதவர் அதை மனைவியிடம் நீட்டினார். உஷா படித்துச் சொன்னாள்.

"நம்ம பேரு எதுக்கு இதுல?"

"கொட்டேஷன் குடுத்தோம்."

"நான் சொன்னத எழுதித்தானே குடுத்த? போஸ்ட்டு, ஸ்டாப்பரு எல்லாம்?"

"மொதல்ல அதான் குடுத்தேன். அப்பறம் அவரு ரெண்டு ஃபைலா பிரிச்சிட்டோம்னாரு. அது இல்லாம இன்னொண்ணு குடுத்தேன்."

"சீல் போட்டியா?"

"போட்டேன்."

அவர் எழுந்து போய் மெஷினை ஆன் செய்தார். செய்துகொண்டிருந்த ஜன்னல் சட்டத்தைச் சாயங்காலம் வரை அறுத்து அறுத்து ஒட்டினார். அன்றிலிருந்து அவர் அவளோடு பேசுவது, சாப்பாடு, சாவி, கரண்ட் பில் என்ற அளவுக்குச் சுருங்கிப்போனது.

புட்டராஜு பட்டறைக்கே வந்தார். கணேசமூர்த்தி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. உஷாதான் நாற்காலி போட்டாள்.

"மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னா ஒண்ணும் ஆகாது மேடம். லிஸ்ட்டுல இருந்தத நாங்க பண்ணோம். லிஸ்ட்டுல இல்லாதத எப்படிப் பண்றது? மூணு அனுபவஸ்தருங்க பாத்துருக்காங்க, ஒருத்தரும் ஸ்டாப்பர் வேணும்னு எழுதல. பாவம் அந்தம்மா ஜோரா, வேகமா தள்ளிடுச்சு. அஷ்டே."

"காம்பவுண்டு ஃபைலு?"

"அது இன்னும் சாங்ஷன் ஆகல." பிறகு குரலைத் தணித்து, "ஆகஸ்ட்ல நூத்தி நாப்பது பெஞ்சு வருது. உங்களுக்குன்னு வெச்சிருக்கேன்" என்றார்.

அவர் போனபின் உஷாவுக்கு ஒன்று விளங்கியது. அவளுடைய காகிதம் வெறும் மூன்றாவது காகிதமாக இருந்துவிடவில்லை. ஸ்டாப்பர் தேவையில்லை என்பதற்கு அதுதான் இப்போது சாட்சி. அவரும் மச்சினனும் ஒரே வீடு. மூன்றாவதாக வெளியாள் ஒருத்தி, இருபது வருஷம் இரும்போடு பழகியவள், போதும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதை வைத்துத்தான் அந்த ஆயா ஜோராகத் தள்ளியதே காரணம் என்று ஆகிறது.

பேப்பரிலும் அப்படித்தான் வந்திருந்தது. ஏஜென்சிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஊழியரின் கவனக்குறைவு என்பதால் நஷ்டஈடு கிடையாது என்று சாந்தகுமாரியின் மகளுக்குக் கடிதமே கொடுத்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உஷா அந்த மகளைத் தேடிப் போனாள். தொம்மலூர் பழைய ஊருக்குள், கண்ணாடி ஆபீஸ்களின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருந்தது அந்த ஒற்றை அறை வீடு. மகள் அனுஷாவுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு ஆபீஸ் கேண்டீனில் வேலை. மாலை போட்ட படத்துக்குக் கீழே உட்காரச் சொல்லி, ஸ்கூலிலிருந்து வருகிறீர்களா என்று கேட்டாள்.

"இல்லம்மா. நான் கேட்டுக்குக் கொட்டேஷன் குடுத்தவ. கேட்டு நாங்க பண்ணல. ஆனா ஸ்டாப்பர் இல்லாத லிஸ்ட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டேன்."

அனுஷாவுக்குப் புரியவில்லை. உஷா முதலிலிருந்து சொன்னாள்: டேப் பிடித்ததை, கணேசமூர்த்தி சொன்னதை, இரண்டு ஃபைலை.

"இல்லன்னா உழும்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே சீல் வெச்சீங்க."

"வெச்சேன்."

அனுஷா எழுந்து அடுப்புப் பக்கம் போய்த் திரும்பி நின்றாள். குடிக்க ஏதாவது தரப்போகிறாள் என்று உஷா நினைத்தாள். அவள் எதையும் எடுக்கவில்லை.

"எங்கம்மா ஒம்போது வருஷம் கேட்டு தள்ளுனாங்க. எப்டித் தள்ளணும்னு அவங்களுக்குத் தெரியாதாம். ஏஜென்சி ஆபீஸ்ல என் மூஞ்சிக்கு நேராச் சொல்றாங்க." திரும்பிப் பார்த்தாள். "இப்ப சொன்னீங்களே, அத விசாரணைல சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"சொல்லிட்டு அப்பறம் வாங்க. இப்ப கெளம்புங்க."

விசாரணை அதிகாரியின் பெயர் ஸ்ரீகண்டன். தாத்தா காலத்திலிருந்தே இங்கே அரசாங்க உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பம். மெல்லிய குரல், சட்டைப் பையில் இரண்டு பேனா. உஷா கன்னடத்தில் தொடங்கியதும் கையை உயர்த்தினார்.

"தமிழ்லயே சொல்லுங்கோ. நான் கன்னடத்துல எழுதிக்கறேன். நிதானமாச் சொல்லுங்கோ."

அவள் இரண்டு காகிதங்களை மேஜைமேல் வைத்தாள். ஒன்று, ஏப்ரலில் டைப் செய்த முதல் கொட்டேஷன், போஸ்ட்டும் ஸ்டாப்பரும் இருப்பது. மற்றது அவள் சீல் வைத்தது. போனையும் கொடுத்தாள். அனுப்பிய தேதியும் கட்டைவிரல் படமும் அதில் அப்படியே இருந்தன.

ஸ்ரீகண்டன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "இந்த ரெண்டாவதுல ரேட் யார் சொன்னா?"

"புட்டராஜு சொன்னாரு சார். அவரோடத விட எவ்ளோ அதிகமா இருக்கணும்னு சொல்வாரு. நான் அப்டியே போடுவேன்."

"இது ஒரு தடவைதானா?"

"இல்ல சார். நாலு வருஷமா. இன்னும் நாலு ஸ்கூலுக்கு இதே மாதிரி கேட்டு போயிருக்கு. ரெண்டு ஃபைலாதான் பிரிச்சாங்க. ஸ்கூல் பேரு எழுதி எடுத்தாந்திருக்கேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, இதை நான் எழுதிண்டா, நீங்களும் சேர்ந்துதான் ஏமாத்தினேள்னு ஆகும். உங்க பதிவு போயிடும். எழுதிக்கறதுக்கு முன்னாடி ஒரு தரம் யோசிச்சுக்கலாம். வெளியில உட்கார்ந்துட்டு வாங்கோ."

"யோசிச்சிட்டுத்தான் வந்தேன் சார். ஆயா மேல தப்பு இல்லன்னு எழுதுவீங்களா?"

"என்ன நடந்துதோ அதை எழுதுவேன்."

அவர் எழுதினார். நான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது. கேட்டை இயக்கியவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. வேலையை இரண்டாகப் பிரித்ததும், பாதுகாப்புப் பொருள்கள் இல்லாத பட்டியலுக்குப் போலிக் கொட்டேஷன்கள் பெற்றதும், தலைமையாசிரியை பார்க்காமலே கையெழுத்திட்டதுமே காரணம் என்று தெளிவாக இருந்தது. கூடக் கையெழுத்திட்ட உதவிப் பொறியாளரை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். மூன்று சப்ளையர்களையும் மூன்று வருஷத்துக்குக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். புட்டராஜு இரண்டே மாதத்தில் மனைவி பெயரில் புதிதாகப் பதிவு வாங்கிக்கொண்டார். அவர்மேல் போட்ட போலீஸ் கேஸ் நடக்கிறது என்கிறார்கள். எங்கே நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

உஷாவின் பட்டறை வருஷக் கடைசிவரை தாங்கியது. புட்டராஜுவின் வேலை நின்றதோடு, அவரைத் தெரிந்த மற்ற கான்டிராக்டர்களும் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். வளைக்கும் மெஷினைப் பக்கத்துத் தெருக்காரர் எடுத்துக்கொண்டார். கணேசமூர்த்தி ஐம்பது வயதில் மறுபடியும் ஒரு பெரிய ஃபேக்டரியில் ஷிப்ட் வெல்டராகச் சேர்ந்தார். உஷா பழைய பவுடர் கோட்டிங் கம்பெனிக்கே சலான் எழுதப் போகிறாள். கடிதம் படித்துச் சொல்லச் சொல்லித் தெருக்காரர்கள் இப்போது வருவதில்லை.

அனுஷாவின் நஷ்டஈடு லேபர் கோர்ட்டில் இருக்கிறது. அறிக்கை வந்தபிறகு ஏஜென்சி பேச்சை மாற்றிக்கொண்டு, ஆதாரிலும் தங்கள் பதிவேட்டிலும் சாந்தகுமாரியின் பெயர் வேறு வேறாக இருக்கிறது என்கிறது. வாய்தாவுக்கு வாய்தா உஷா அரைநாள் லீவு போட்டுப் போகிறாள். கோர்ட்டுத் தாள்களைப் படித்துச் சொல்கிறாள். அனுஷா கேட்டுக்கொள்வாள். வேறு பேச்சு கிடையாது. ஒருமுறை உஷா வாங்கிக் கொடுத்த காபியை அவள் பெஞ்சிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஜனவரியில் ஒருநாள் கணேசமூர்த்தி தானாகக் கேட்டார்: "அந்த நாலு ஸ்கூலு, ஆபீஸருகிட்ட எழுதிக் குடுத்தியே. எதனா பண்ணாங்களா?"

"தெரியல."

"வா, பாத்துட்டு வருவோம்."

தன் சிறிய வெல்டிங் மெஷினையும், அப்போதைக்கு ட்ராக்கிலேயே ஒட்டிவிட எட்டு ஸ்டாப்பர் துண்டுகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானம் பள்ளி விட்டபின் போனார்கள். இரண்டு பள்ளிகளில் யாரோ பிறகு போஸ்ட் நட்டிருந்தார்கள். மூன்றாவதில், கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, பக்கத்துச் சின்னக் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள்.

நாலாவது பள்ளியில் கேட்டைத் தள்ளித் திறந்து மூடிக்கொண்டுதான் இருந்தார்கள். போஸ்ட் இல்லை, ஸ்டாப்பர் இல்லை. ட்ராக்கின் முடிவில் யாரோ ஒரு செங்கல்லை வைத்திருந்தார்கள். தலைமையாசிரியை கிளம்பிக்கொண்டிருந்தார். உஷா கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னாள். பணம் ஒன்றும் வேண்டாம், ஒரு மணி நேர வேலை, இப்போதே செய்துவிட்டுப் போகிறோம் என்றாள்.

தலைமையாசிரியை பயந்துபோய்க் கேட்டார்: "நீங்கள் பதிவு பெற்ற சப்ளையரா?"

"இருந்தோம். இப்போது இல்லை."

"அப்படியானால் எப்படி அனுமதிக்க முடியும்? ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? ஆபீஸிலிருந்து கடிதம் வாங்கி வாருங்கள்."

விதி அதுதான். உஷாவுக்கு அது இருக்கும் பக்கத்தின் எண்கூடத் தெரியும். அவள் கணவருக்குத் தமிழில் சொன்னாள். அவர் போய்ச் செங்கல்லைக் காலால் அசைத்துப் பார்த்தார். அது நகர்ந்தது. அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்துவிட்டு வந்தார்.

அன்று ராத்திரியே உஷா மாநகராட்சி ஆபீஸுக்குக் கடிதம் எழுதி, திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பினாள். கிடைத்ததற்கான அட்டை மட்டும் எட்டு நாளில் வந்தது. இரண்டாவது கடிதத்துக்கும் வந்தது. கணேசமூர்த்தி ஷிப்ட் இல்லாத நாள்களில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். வந்ததும் உஷா கேட்பாள். இன்னும் ஒன்றும் போடவில்லை என்பார். காலையில் அங்கே ஒரு ஆயா கேட்டைத் திறக்கிறாள், ஒன்பது மணிக்கு மூடுகிறாள்.